பாரணைக் கீரை

கீரையைச் சொல்ல வேண்டாம். உபவாசத்தை மட்டும் சொன்னால் போதும். பக்கத்தில் அம்மா நிற்கிறாள்.

டாக்டர் இம்தியாஸ் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்ற அந்தச் சிறிய இடைவெளிக்குள் ப்ரியம்வதா இதை நினைத்து முடித்திருந்தாள். இந்த ஒரு வாரத்தில் சாப்பாட்டில் ஏதாவது மாற்றம் உண்டா என்பதுதான் கேள்வி. இரண்டு கதவுகளுக்கு அப்பால் அவள் கணவன் ஹயக்ரீவனை மேசையில் படுக்க வைத்து, மணிக்கட்டு வழியாக இதயத்துக்குக் குழாய் செலுத்தத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அவன் ரத்தம் இருக்க வேண்டிய அளவுக்கு இளகியிருக்கவில்லை என்று சோதனை சொல்லியிருந்தது. மாத்திரையை விட்டுவிட்டாரா என்று டாக்டர் முதலில் கேட்டார். ஒருநாளும் விட்டதில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவளே எடுத்துக் கொடுத்து, அவன் விழுங்கும் வரை நின்று பார்ப்பாள். அப்படியானால் வேறு ஏதோ ஒன்று அந்த மாத்திரையோடு மல்லுக்கு நின்றிருக்கிறது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"வைகுண்ட ஏகாதசிக்கு உபவாசம் இருந்தார் டாக்டர். மாத்திரைக்கு ஒரு வாய் தண்ணி தவிர ஒண்ணும் இல்லாம."

"பட்டினி கிடக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே."

"சொல்லியிருந்தீங்க."

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் நின்ற மாமியார் கோதைநாயகிக்கு அந்தப் பதில் அரைகுறையாகப் பட்டிருக்க வேண்டும். பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டார்கள் என்று டாக்டர் நினைத்துக்கொள்ளக் கூடாது. மருமகளைத் தாண்டி ஓரடி முன்னால் வந்தாள்.

"உபவாசம் ஒரு நாள்தான் டாக்டர். மறுநாள் துவாதசிக்குப் பாரணை பேஷா பண்ணினான். அதுலேர்ந்து நன்னாத்தான் சாப்பிட்டுண்டிருக்கான். நானே பாத்துப் பாத்துப் பண்ணிப் போடறேன். அகத்திக்கீரை, முருங்கைக்கீரைன்னு எல்லாம் சத்தா…"

டாக்டரின் முகத்தில் எதுவும் மாறவில்லை. மாறாமல் பார்த்துக்கொண்டார். எழுதிக்கொண்டிருந்த கை மட்டும் ஒரு கணம் நின்றுவிட்டுத் திரும்ப ஓடியது. கோதைநாயகி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமுமாம்மா?"

"தினமும்தான்…" என்று தொடங்கியவள் குரலை இழுத்துக்கொண்டாள். "ஏன் டாக்டர்? கீரைன்னா என்ன?"

"அப்புறம் பேசலாம்மா. நான் இப்ப உள்ள போகணும்."

கதவு அவர் பின்னால் மெல்ல ஆடி நின்றது. ப்ரியம்வதா சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பினால் மாமியாரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். வாய் தவறி வந்த சொல் என்றால் திருத்திவிடலாம். இது பெருமையாகச் சொல்லப்பட்ட சொல். பிள்ளைக்கு என்ன போட்டு வளர்த்தோம் என்று ஒரு தாய் சொல்லும் பெருமை. அதை எப்படித் திருப்பி எடுத்து அவள் வாய்க்குள் வைப்பது?

போன வருஷம் ஆடி மாதம் அவனுக்கு முதல் தடவை வந்தது. இன்சூரன்ஸ் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கேள்விப்பட்டு வந்தவர்கள் எல்லாரும் எத்தனை அடைப்பு என்றுதான் கேட்டார்கள். திருச்சியில் நாற்பத்தைந்து வயது ஆணுக்கு நெஞ்சு வலி வந்தால் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான் போலிருந்தது. அடைப்பு எதுவும் இல்லை என்றால் நம்ப மறுத்தார்கள். டாக்டர் இம்தியாஸ் அவளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துக் காட்டினார். சன்னமாக ஓடிவந்த ரத்தக்குழாய் ஓரிடத்தில் எலியை விழுங்கிய பாம்பைப் போலப் புடைத்திருந்தது. "எல்லாருக்கும் குழாய் சுருங்கும். இவருக்கு வீங்கியிருக்கு. கொள்ளிடத்துல பாத்திருப்பீங்க, ஆறு அகலமா விரியற இடத்துல தண்ணி ஓடாது, சுத்திக்கிட்டே நிக்கும், மண்ணு படியும். இவருக்கு அந்த இடத்துல ரத்தம் நின்னு உறையுது. உறைஞ்ச கட்டி நகர்ந்து போய் அடைக்குது." அவள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவள். குழாய் விரிந்தால் ஓட்டத்தின் வேகம் குறையும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுபவள். அன்று அதைத் தன் கணவனின் நெஞ்சுக்குள் பார்த்தபோது, சமன்பாடு ஞாபகம் வந்ததே என்று தன்மேலேயே ஒரு அருவருப்பு வந்தது. அந்த வீக்கத்துக்குப் பொருந்துகிற ஸ்டென்ட் கிடையாது. அறுவைச் சிகிச்சை செய்யலாம், ஆனால் அந்தக் குழாய் வளைந்திருக்கும் இடம் சரியில்லை. ரத்தத்தை இளக்கும் மாத்திரையோடு, மாதாமாதம் ஒரு சோதனையோடு, இப்படியே காப்பாற்றிக் கொண்டுபோகலாம் என்றார்.

அன்றைக்குத்தான் அவர் கோதைநாயகியையும் உள்ளே கூப்பிட்டுக் கேட்டார். சின்ன வயதில் விடாத ஜுரம் ஏதாவது வந்ததா? கண் சிவந்து, நாக்கு சிவந்து, கடைசியில் விரல் நுனியில் தோல் உரிந்ததா? கோதைநாயகி கேள்வி முடியும் முன்பே தலையாட்டத் தொடங்கிவிட்டாள். மூன்று வயதில் வந்தது. நாக்கு மாதுளை முத்தாட்டம் இருந்தது. அம்மை என்று சொல்லி வேப்பிலை வைத்து, இளநீர் கொடுத்து, தானாக இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். இறங்கியது. அது அம்மை இல்லை என்றார் டாக்டர். அந்த ஜுரத்துக்கு ஒரு ஜப்பான்காரரின் பெயர் இருந்தது, கோதைநாயகியின் வாயில் அது நுழையவில்லை. ஜுரம் போகும்போது குழாயில் அந்த வீக்கத்தை வைத்துவிட்டுப் போய்விடுமாம். "அப்ப இது இங்க யாருக்கும் தெரியாதும்மா. டாக்டருங்களுக்கே தெரியாது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல." யாரும் கேட்காமலேயே அவர் அதைச் சொன்னார். கோதைநாயகி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். ஆட்டோவில் திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தின் மேல், "தங்கமான மனுஷன்," என்று இரண்டு தடவை சொன்னாள்.

கீரை விஷயமும் அன்று சொல்லப்பட்டதுதான். கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும், அதற்காக அறவே நிறுத்த வேண்டாம், கொஞ்சமாக, ஒரே அளவாகச் சாப்பிடட்டும், திடீரென்று கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்றார் டாக்டர். காரணம் புரியாவிட்டாலும் கோதைநாயகி அந்த அளவை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டாள். வாரத்தில் ஒரு நாள், ஒரு கரண்டி. ஏகாதசிகளில் அவன் பாலும் பழமும் எடுத்துக்கொண்டான். துவாதசிக் காலையில் எல்லார் வீட்டிலும் அகத்திக்கீரைக் கறமது வதங்கும் வாசனை வரும்போது அவன் இலையில் சாஸ்திரத்துக்கு ஒரு சிட்டிகை விழும். ஒன்றரை வருஷம் அப்படியே போயிற்று. மாதச் சோதனையில் எண் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நன்றாக இருப்பதுதான் ஆபத்தோ என்னவோ. நன்றாக இருப்பவனுக்கு, தான் நன்றாக இருப்பது மருந்தால்தான் என்பது மறந்துபோகிறது.

வைகுண்ட ஏகாதசிக்கு அவன் முழு உபவாசம் இருப்பேன் என்றான். பத்து வயதிலிருந்து விட்டதில்லை, போன வருஷம் விட்டதே நெஞ்சில் முள்ளாக இருக்கிறது என்றான். ஊரே விழித்திருந்த அன்று அவன் விடியலுக்கு முன்பே கோவிலுக்குப் போய், கூட்டத்தில் நசுங்கி, பரமபத வாசலைக் கடந்து வந்து, முகமெல்லாம் வெளிச்சமாகப் படியேறியதை ப்ரியம்வதா பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த முகம். மறுநாள் காலையில் கோதைநாயகி அகத்திக்கீரையைத் தேங்காய் போட்டு வதக்கி, நெல்லிக்காய்ப் பச்சடியோடு பரிமாறினாள். ஒரு சிட்டிகை இல்லை, ஒரு குவியல். ப்ரியம்வதா நெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். அவன் இலையிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாதே என்ற பார்வை, பிள்ளைகள் வகுப்பில் பார்ப்பது போல. பட்டினி கிடந்த வயிற்றோடு அம்மா போட்டதைச் சாப்பிடுகிறான், ஒரு நாள்தானே. அவள் நெய்யை ஊற்றிவிட்டு நகர்ந்தாள். இரண்டு நாள் கழித்து அவனுடைய மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவும்போது மூடியின் ஓரத்தில் ஒரு முருங்கை இலை ஒட்டியிருந்தது. விரலால் வழித்துத் தொட்டியில் விட்டாள். பிள்ளை ருசித்துச் சாப்பிடுகிறான் என்று அம்மா தினமும் செய்கிறாள் போலிருக்கிறது, சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் வீட்டில் அந்த வாரம் இருந்த சந்தோஷம் கொஞ்சம் வற்றிப்போகும். அடுத்த வாரம் சோதனை இருக்கிறதே, அப்போது டாக்டரே சொல்லட்டும் என்று தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

இன்று காலை அவன் வேட்டியை மடித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தான். கோவிலில் இராப்பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்ததால் வீதி முழுக்க ஜனம். ஆம்புலன்ஸ் சந்து முனைவரைதான் வர முடிந்தது. அவனை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காத்திருக்கும் கூடத்தில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். ஜன்னலுக்கு வெளியே கூரைகளுக்கு மேல் மலைக்கோட்டை வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த பெண் இவர்களைப் பார்த்ததும் பையை எடுத்துக் கீழே வைத்து இடம் விட்டாள். உப்பிலியபுரத்திலிருந்து வந்திருந்தாள். பெயர் மயிலம்மாள் என்று அவளாகவே சொன்னாள்.

"உங்களுக்கு எத்தன அடைப்புங்க?"

"அடைப்பு இல்லைங்க," என்றாள் ப்ரியம்வதா. "வீக்கம்."

"வீக்கமா? நெஞ்சுக்குள்ளயா?" மயிலம்மாள் அதை ஒருமுறை மனதுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு மூணு அடைப்பு. ரெண்டு எடுத்தாச்சு. ஒண்ணு அப்புறம் எடுப்பாங்களாம். அடைப்ப எடுக்க மிஷினு வச்சிருக்காங்க, அந்தாளு வாயிலேருந்து பீடிய எடுக்கத்தான் ஒரு மிஷினையும் காணோம். நேத்து நர்சம்மாகிட்ட கறிக்கொழம்பு எப்பத் தருவீங்கன்னு கேட்டிருக்காரு. கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளைன்னு நெனப்பு அந்த மனுசனுக்கு."

ப்ரியம்வதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தவுடன் பயமாக இருந்தது. மயிலம்மாள் தூக்கின் மூடியைத் திறந்து இட்லியை நீட்டினாள். "பெரியம்மா மொகம் வாடிக்கெடக்கு. ஒண்ணு சாப்டச் சொல்லுங்க."

"நான் வெளில சாப்பிடறதில்லைம்மா. தப்பா நெனச்சுக்காதீங்கோ," என்றாள் கோதைநாயகி.

"வவுத்துக்கு உள்ள வெளியன்னு என்னங்க தெரியும்? பெருமாளு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு." மயிலம்மாள் மூடியை மூடிவிட்டு, கோதைநாயகியின் முழங்கையை லேசாகத் தட்டிக் கொடுத்தாள். அவள் கணவன் வார்டில் கூப்பிடுகிறான் என்று யாரோ வந்து சொல்ல எழுந்து போனாள்.

அப்போதுதான் ப்ரியம்வதா கவனித்தாள். கோதைநாயகியின் உதடுகள் அசையவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தாலும், குக்கர் விசிலுக்குக் காத்திருந்தாலும், எதிர்வீட்டு மாமியின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் அந்த உதடுகளுக்குள் ஏதாவது ஒரு பாசுரம் ஓடிக்கொண்டே இருக்கும். இருபது வருஷமாக அந்த அசைவைப் பார்த்துப் பார்த்து, அது அவள் முகத்தின் ஒரு பாகம் என்றே ஆகிவிட்டிருந்தது. இன்று வாய் இறுக மூடியிருந்தது. கண்கள் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த இதயப் படத்தில் இருந்தன.

"அகத்தி மருந்தை முறிக்கும்," என்றாள் கோதைநாயகி படத்தைப் பார்த்தபடியே. "எனக்குத் தெரியும்டி. எங்கம்மா சொல்லுவா. கஷாயம் குடிக்கறச்சே அகத்தியக் கிட்டவே சேக்க விட மாட்டா. நான் அது நாட்டு மருந்துக்குன்னு நெனச்சேன். இங்கிலீஷ் மருந்தை ஒரு கீரை என்ன பண்ணிடும்னு…" தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "பாரணைக்குத் தோஷம் கிடையாதுன்னும் நெனச்சேன். பகவான் பேரைச் சொல்லிப் போடறது. அது எப்படி ஒரு தீங்கு பண்ணும்?"

ப்ரியம்வதா அவள் கையைப் பிடிக்க நினைத்தாள். தன் கையில் அன்றைய நெய்க் கிண்ணம் இன்னும் இருப்பது போல இருந்தது. அம்மா தெரியாமல் போட்டாள். எனக்குத் தெரியும். எனக்கு முழுசாகத் தெரியும். இந்த வாக்கியத்தை அவள் மனதுக்குள் முழுமையாகச் சொல்லிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. சொல்லிப் பார்த்ததும் கூடம் மொத்தமும் அமைதியாகிவிட்டது போலத் தோன்றியது.

"அயக்கிரீவன் அட்டெண்டர் யாருங்க?"

நர்ஸ் லூர்துராணி கதவைப் பாதி திறந்து நின்றாள். ப்ரியம்வதா மட்டும் போனாள். டாக்டர் இம்தியாஸ் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தார். நெற்றியில் தொப்பியின் தழும்பு.

"கட்டிய உறிஞ்சி எடுத்துட்டோம். கரைக்கிற மருந்தும் அந்த இடத்துலயே குடுத்திருக்கோம். ஓட்டம் கொஞ்சம் திரும்பியிருக்கு. ஆனா அதுக்குள்ள இதயத்தோட தசை நிறைய போயிருச்சுங்க. பிரஷர் மருந்துலதான் நிக்குது. ஆபரேஷன் பண்ற நிலைமையில இல்ல. இப்ப பேசறார், முழிப்பா இருக்கார். சாயங்காலம் வரைக்கும் இப்படியே இருப்பார்னு என்னால சொல்ல முடியாது." அவர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "பாக்க வேண்டியவங்க பாத்துடறது நல்லது."

மகள் பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டாள், ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள் என்று ப்ரியம்வதா சொன்னாள். பிறகு, தான் கேட்கப் போவதில்லை என்று நினைத்திருந்ததைக் கேட்டாள். "கீரையாலயா டாக்டர்?"

அவர் முகமூடியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார். "கீரையே சாப்பிடாம உறைஞ்சவங்களும் உண்டு. சாப்பிட்டும் ஒண்ணும் ஆகாதவங்க உண்டு. ரீடிங் குறைஞ்சதுக்கு அது காரணமா இருக்கலாம். அதுக்கு மேல யாராலயும் சொல்ல முடியாதுங்க. நீங்க அதப் போட்டு யோசிக்காதீங்க."

உள்ளே ஹயக்ரீவன் நிறையக் கம்பிகளுக்கும் குழாய்களுக்கும் நடுவில் சிறுத்துக் கிடந்தான். நெற்றியில் காலையில் இட்ட திருமண் வியர்வையில் பாதி அழிந்திருந்தது. ஆக்ஸிஜன் முகமூடிக்குள் அவன் குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

"அம்மா எங்கே?"

"வெளில இருக்கா."

"வரச் சொல்லு." மூச்சு வாங்கிக்கொண்டான். "கார்த்தாலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா."

அவள் அவன் நெற்றியைப் புடவைத் தலைப்பால் ஒற்றினாள். திருமண்ணைத் தொடாமல் ஓரங்களை மட்டும். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இலையிலிருந்து பார்த்த பார்வை இல்லை இது. எதையும் மறைக்கச் சொல்லாத, எதையும் கேட்காத பார்வை. கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். "இதோ கூட்டிண்டு வரேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கோதைநாயகி எழுந்திருக்கவில்லை.

"அம்மா, கூப்பிடறார். உங்களைத்தான் கேக்கறார்."

"நீ போயிட்டு வந்தியோன்னோ. போறும்."

"உங்களைப் பாக்கணுங்கறார்."

"நான் எந்த மூஞ்சிய வச்சிண்டு போவேன்?" அவள் குரல் உயரவில்லை. பக்கத்து வரிசையில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. "அவன் என்னைப் பாத்துச் சிரிப்பான். சாப்பிட்டியான்னு கேப்பான். அவனுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

லூர்துராணி கண்ணாடிக் கதவருகே பச்சை அங்கியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகிறவர்கள் புடவைக்கு மேல் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். "பெரியம்மா, சீக்கிரம் வாங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டா விட மாட்டாங்க."

கோதைநாயகி மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்தாள். அந்தப் பிடியில் இருந்த பலம் ப்ரியம்வதாவை ஆச்சரியப்படுத்தியது.

"கீரையால இல்லைன்னு சொல்லு. நான் போறேன்."

"டாக்டர்கிட்ட கேட்டேன்மா. அதுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னார். கீரை சாப்பிடாமலேயும் வருமாம்."

"அது டாக்டர் வார்த்தை. போன தடவையும் அவர் நல்ல வார்த்தை சொன்னார். எல்லாருக்கும் சொல்லுவார். எனக்கு உன் வார்த்தை வேணும்." அவள் கண்களில் கண்ணீர் இல்லை. "இருபது வருஷமா உன்னோட இருக்கேன். நீ சிடுசிடுப்பே, மூஞ்சியத் தூக்கி வச்சுப்பே, பொய் சொன்னதில்லை. உன் வாயால இல்லைன்னு சொல்லிட்டா எனக்குப் போறும். நான் உள்ளே போய் அவன் கையப் பிடிச்சுக்கறேன். ஒரே வார்த்தை ப்ரியம்."

ஒரே வார்த்தை. வாய்க்குள் அது தயாராகவே இருந்தது. இல்லைம்மா, கீரையால இல்லை. சொன்னால் இந்தக் கிழவி எழுந்து உள்ளே போவாள். பிள்ளை அம்மாவைப் பார்ப்பான். இதற்காகச் சொல்லாத பொய் வேறு எதற்கு? சொல்லலாம் என்று உதட்டைப் பிரித்தாள். அப்போது அந்த வார்த்தை யாருக்காக வருகிறது என்று தெரிந்தது. அம்மாவுக்குச் சொல்கிற அதே நொடியில் தனக்கும் சொல்லிக்கொள்கிறாள். நெய் ஊற்றிய கைக்கும், இலையை வழித்துத் தண்ணீரில் விட்ட விரலுக்கும் சேர்த்து ஒரே வார்த்தையில் விடுதலை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காப்பி கலந்து கொடுத்துக்கொண்டு, அந்த வார்த்தையின் மேல் எத்தனை வருஷம் நடமாட முடியும்? கோதைநாயகி முட்டாள் இல்லை. அகத்தி மருந்தை முறிக்கும் என்று தெரிந்தவள். என்றைக்காவது ஒரு துவாதசிக் காலையில் அடுப்பின் முன் நிற்கும்போது, தனக்குக் கொடுக்கப்பட்டது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவள் நம்புவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். இவ்வளவும் சரியான காரணங்கள்தான். ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாம் இல்லாவிட்டாலும் தன்னால் அதைச் சொல்லியிருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. அது ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. அந்த ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது மட்டும் விளங்கியது.

"பெரியம்மா," என்றாள் லூர்துராணி.

"சொல்லு," என்றாள் கோதைநாயகி.

"அது மட்டும் என்னால முடியாதும்மா."

மணிக்கட்டிலிருந்த விரல்கள் தளரவும் இல்லை, இறுகவும் இல்லை. ப்ரியம்வதா அவற்றோடேயே எழுந்தாள். எழுந்தபோது கோதைநாயகியும் கூடவே எழ வேண்டியிருந்தது. கதவுவரை ஏழெட்டு அடி அப்படியே நடந்தார்கள். வார்டிலிருந்து திரும்பி வந்த மயிலம்மாள் காலியான தூக்கோடு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

ப்ரியம்வதா லூர்துராணியிடமிருந்து அங்கியை வாங்கி உதறி விரித்தாள். யார் யாரோ போட்டுக் கழற்றிய துணி, மருந்தும் சோப்பும் கலந்த மணம். மடிப்புடவைக்கு மேல் அதைப் போட மாமியார் எத்தனை யோசிப்பாள் என்று வேறொரு நாளாக இருந்தால் நினைத்திருப்பாள். கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, குழந்தைக்குச் சட்டை போடுவதற்குப் பிடிப்பது போல, கோதைநாயகியின் மார்புக்கு நேராக உயர்த்தினாள். கண்ணாடிக்கு அப்பால் ஒரு திரையில் பச்சைக் கோடு மேலேறிக் கீழிறங்கி ஓடிக்கொண்டிருந்தது. கோதைநாயகி அங்கியைப் பார்த்தாள், அதற்கு மேலே மருமகளின் முகத்தைப் பார்த்தாள். நர்ஸ் ஒரு காலால் கதவைத் தாங்கிக்கொண்டு நின்றாள். உள்ளிருந்து வந்த குளிர்காற்றில் அங்கியின் இரண்டு காலிக் கைகளும் மெதுவாக உப்பி, அடங்கி, மறுபடி உப்பின.